மூத்தம்மாவின் பெட்டகமும் பாவாவின் வீடும்



கொஞ்சம் நீளமான பதிவு இது. தேத்தண்ணியை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார் என்பார்கள். கிழக்கிலே எமக்கு இரண்டும் ஒன்றுதான். மகளுக்குக் கல்யாணம் என்றால் முதலில் வீடு கட்ட வேண்டும். இப்போது வீடு கட்டுகிறவர்கள் போனில் படங்களைச் சேர்த்து வைத்து மேசனிடமும் தச்சரிடமும் காட்டுகிறார்கள். அந்தப் படங்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பூச்சு உரிந்த பழைய மரக்கதவு, மூலையில் ஒரு பித்தளைப் பானை, சுவரிலே மாட்டிய பன்பாய், சிவப்புச் சீமெந்துத் தரை, கைத்தறித் துணி போர்த்திய சாய்மனைக் கதிரை. கொழும்பில் இவற்றை விற்பதற்கென்றே கடைகள் இருக்கின்றன. விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

இது வெளிநாட்டிலிருந்து வந்த பாணி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எமது நாட்டில் இதற்கு அறுபது வருடங்களுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதன் வேரோ சாதாரண ஊர் வீடுகளில் இருக்கிறது. எமது மூத்தம்மாமார் வாழ்ந்தவை போன்ற வீடுகள் அவை. வரலாறு படிப்பிக்கிற எங்களுக்கு இதைச் சொல்லாமல் விட மனமில்லை. ஏனென்றால் அந்த வீடுகளில் மிஞ்சியிருப்பவையும் இப்போது லொறி ஏறிக்கொண்டிருக்கின்றன.

சட்டத்தரணி ஒருவர் கட்டிடக் கலைஞர் ஆன கதை

ஜெப்ரி பாவா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோட்டே நாடாளுமன்றக் கட்டிடத்தை வடிவமைத்தவர். 1919 இல் கொழும்பில் பிறந்தவர். தகப்பனார் பெயர் பெற்ற சட்டத்தரணி. அவருடைய தகப்பனார், அதாவது ஜெப்ரியின் பாட்டனார், ஒரு இலங்கை முஸ்லிம். பாட்டி ஆங்கிலேயப் பெண்மணி. தாயார் பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர். ஆக, எமது நாட்டின் பல இரத்தங்கள் கலந்த பிள்ளை. ஜெப்ரி முஸ்லிம் சூழலில் வளர்ந்தவர் அல்லர்; எங்களுடைய ஆள் என்று உரிமை கொண்டாட இதைச் சொல்லவில்லை. பாவா என்ற அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதைப் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவரும் முதலில் சட்டம்தான் படித்தார். 1948 இல் பெந்தோட்டைக்கு அருகே ஒரு பழைய இறப்பர்த் தோட்டத்தை வாங்கி லுணுகங்க என்று பெயர் வைத்தார். அந்த வீட்டையும் தோட்டத்தையும் தன் விருப்பப்படி மாற்றப் போனபோதுதான் அதற்கான படிப்பு தன்னிடம் இல்லை என்று உணர்ந்தார். லண்டனுக்குப் போய்ப் படித்து 1957 இல் கட்டிடக் கலைஞராகத் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38. "இனி என்னத்தப் படிக்கிற" என்று முப்பது வயதில் கைவிடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

1958 இல் கொழும்பில் பாகத்தல வீதியை ஒட்டிய 33 ஆம் ஒழுங்கையில், வரிசையாக நின்ற நான்கு சின்ன வீடுகளில் ஒன்றில் குடியேறினார். பத்து வருடங்களுக்குள் மற்ற மூன்றும் ஒவ்வொன்றாக அவர் கைக்கு வந்தன. நான்கையும் இணைத்து ஒரே வீடாக்கினார். அதுதான் 11 ஆம் இலக்க வீடு. இன்று முன்கூட்டிப் பதிவு செய்து போய்ப் பார்க்கலாம்.

உள்ளே போனால் வெள்ளைச் சுவர். நீண்டதொரு நடைவழி. அங்கங்கே கூரை திறந்து, வெளிச்சமும் மழையும் வந்து விழுகிற சின்னச் சின்ன முற்றங்கள். ஓரிடத்தில் தண்ணீர்த் தொட்டி. அதையொட்டித் தமிழ்நாட்டுச் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பழைய மரத்தூண்கள். எங்கோ இடித்த கட்டிடங்களின் கதவுகளும் யன்னல்களும் இங்கே மறுபடி கதவாகவும் யன்னலாகவும் நிற்கின்றன. நண்பர்களான ஓவியர்கள் தீட்டித் தந்தவை, பழைய கதிரைகள், கைத்தறித் துணிகள் என்று எல்லாம் பழசு, எல்லாம் வேறு வேறு இடத்துச் சாமான். ஆனால் பழைய சாமான் கடைக்குள் நிற்கிற உணர்வு வராது. ஒவ்வொன்றையும் சுற்றி வெறும் சுவரும் வெளிச்சமும் விட்டிருக்கிறார். ஒரு பொருளைப் பார்த்து முடித்த பிறகுதான் அடுத்தது கண்ணில் படும்.

இல்லாமை படிப்பித்த பாடம்

இது பணக்காரரின் ஆசை என்று ஒதுக்கிவிடவும் கூடாது. காலத்தைப் பாருங்கள்.

1960 களின் தொடக்கத்தில் நாட்டில் அந்நியச் செலாவணிக்குக் கடும் தட்டுப்பாடு. இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. இரும்பும் பெரிய கண்ணாடியும் வெளிநாட்டுத் தளபாடங்களும் நினைத்தபடி கிடைக்கவில்லை. அண்மைய நெருக்கடியில் சீமெந்துக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற எங்களுக்கு அந்த நிலை விளங்கும்.

அந்தத் தட்டுப்பாட்டுக்குள் ஓர் அதிசயம் நடந்தது. ஈனா டி சில்வா என்ற பெண்மணி, பின்னாளில் பத்திக் கலைக்குப் பெயர் போனவர், தனக்கொரு வீடு கட்டித் தரும்படி பாவாவைக் கேட்டார். பழைய வளவு வீடுகளைப் போல முற்றம் வேண்டும், ஆனால் இன்றைய வாழ்க்கைக்கும் பொருந்த வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. 1962 அளவில் வீடு முடிந்தது. களிமண் ஓடு, கருங்கல், உள்நாட்டு மரம், நடுவே திறந்த முற்றம். கண்ணாடியின் வேலையை முற்றமும் விறாந்தையும் செய்தன. அதுவரை வெள்ளைக்காரப் பங்களாவை ஒருபுறமும் கொங்கிறீட் பெட்டியை மறுபுறமும் பார்த்துக்கொண்டிருந்த கொழும்புக்கு, மூன்றாவது வழி ஒன்று இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தக் காணி பிற்காலத்தில் கைமாறியபோது, வீட்டைக் கல் கல்லாக, ஓடு ஓடாக இலக்கமிட்டுக் கழற்றி லுணுகங்கவுக்குக் கொண்டுபோய் மறுபடி பொருத்தினார்கள். ஒரு வீட்டுக்கு அவ்வளவு மரியாதை!

ஓட்டுக் கூரை ஒழுகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. பாவாவும் அவரோடு வேலை செய்த டென்மார்க்குக்காரரான உல்ரிக் பிளெஸ்னரும் அதற்கும் ஒரு வழி செய்தார்கள். நெளி சீமெந்துச் சீற்றை அடியில் போட்டு, அதன் நெளிவுக்குள் அரைவட்ட ஓட்டை அடுக்கினார்கள். ஒழுக்கும் இல்லை, மேலே பார்த்தால் பழைய ஓட்டுக் கூரையின் அழகும் போகவில்லை.

இவர்கள் இவற்றையெல்லாம் யாரிடம் படித்தார்கள்? பழைய வீடுகளிடம்தான். அதே 60 களில் பிளெஸ்னர், பாபரா சன்சோனி, லக்கி சேனாநாயக்க, எமது சமூகத்தைச் சேர்ந்த ஓவியரும் கட்டிடக் கலைஞருமான இஸ்மத் ரஹீம் ஆகியோர் ஊர் ஊராகப் போய்ப் பழைய கட்டிடங்களை அளந்து வரைந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்காத திண்ணையையும் தூணையும் அடுப்படியையும் தாளில் பதித்தார்கள். பாபரா சன்சோனி அத்தோடு கைத்தறியையும் கையில் எடுத்தார். அவர் சேர்த்த நிறங்கள்தான் பிறகு பெயர்ஃபுட் என்ற பெயரில் உலகம் சுற்றின. ஈனாவின் பத்திக் 1969 இல் பெந்தோட்டை பீச் ஹோட்டலின் உட்கூரையானது. லக்கி சேனாநாயக்க ஓலை வடிவில் செய்த வெள்ளி நிறத் தொங்குவிளக்கு 1982 இல் திறந்த நாடாளுமன்றத்தின் சபை மண்டபத்தில் ஏறியது. ஓலை நாடாளுமன்றம் வரைக்கும் போனது!

இன்னும் பின்னே போனால் ஆனந்த குமாரசுவாமி. நிலக்கனிய ஆய்வுக்காக ஊர்களைச் சுற்றிய அவர், கல்லை விட்டுவிட்டுக் கைவினைஞர்களைப் பார்க்கத் தொடங்கினார். பாய் இழைப்பவர், பித்தளை வார்ப்பவர், துணி நெய்பவர், மரம் செதுக்குபவர் என்று எல்லோரையும் பற்றி எழுதி 1908 இல் பெரிய நூலாக வெளியிட்டார். இந்தக் கைகள் ஓய்ந்துபோனால் நாடு எதை இழக்கும் என்பதுதான் அவருடைய கவலை. அது கண்டி நாட்டுச் சிங்களக் கலைகளைப் பற்றிய நூல். எமது கரையோரத்து வீடுகளைப் பற்றி அப்படியொரு பெரிய நூலை எழுத வேண்டியவர்கள் எங்கள் பிள்ளைகள்தான்.

எமது வீடு

இனி எமது வீட்டுக்குள் வருவோம்.

1969 இல் டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கி ஆய்வு செய்தார். தாய்வழிக் குடி முறையும், வீடு மகளுக்கே போகிற வழக்கமும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாக இருப்பதை விரிவாக எழுதினார். எங்களுக்கு அது ஆய்வு அல்ல, அன்றாடம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். தாய் பக்கத்து வளவுக்கோ, பின்னால் கட்டிய சின்ன வீட்டுக்கோ போவா. ஆகவே கிழக்கில் ஒரு வீட்டின் வரலாறு என்பது மூத்தம்மா, உம்மா, மகள் என்று போகிற பெண்களின் வரலாறு. வீட்டுச் சாமான்களும் அந்த வழியிலேயே கைமாறின. பெட்டகத்தின் திறப்பு யாருடைய முந்தானையில் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

பெட்டகம் என்றால் வெறும் பெட்டி இல்லை. முதிரையில் செய்தால் இரண்டு பேர் சேர்ந்தாலும் இலேசில் அசைக்க முடியாது. புடைவையும் காணி உறுதியும் நகையும் அதற்குள்தான். விருந்தாளி வந்தால் அதன் மேல் பாய் விரித்து இருக்கவும் செய்யலாம். பக்கத்திலே வெற்றிலை வட்டா, பாக்குவெட்டி, பணிக்கம், கிண்டி. கல்யாணத்துக்கும் கந்தூரிக்கும் சஹன். நெல் அளக்கக் கொத்தும் மரைக்காலும். அடுப்படியில் அம்மி, உரல், உறியில் தொங்குகிற முட்டி. ஓதுகிற இடத்தில் ரெஹால். மூத்தப்பாவுக்கு விறாந்தையில் சாய்மனைக் கதிரை.

எங்களுடைய வீடுகளில் கலை இருக்கவில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. சுவரில் உருவப்படங்கள் இல்லை, உண்மைதான். கஃபாவின் படமோ அறபு எழுத்தோ ஒன்றிரண்டு இருக்கும். ஆனால் காலடியில் பாருங்கள். பன்பாய்! களப்போரத்திலும் சதுப்பிலும் வளர்கிற பன்னை வெட்டி, வெயிலில் காயவைத்து, சாயம் காய்ச்சித் தோய்த்து, நிலத்தில் குந்தியிருந்து நாள்கணக்காக இழைத்தவர்கள் எமது பெண்கள். சிவப்பும் கறுப்பும் பச்சையும் கட்டம் கட்டமாக ஓடும். வரைபடம் கிடையாது. கணக்கு முழுக்கத் தலைக்குள். ஒரு பன் பிசகினால் கோலம் முழுக்கப் பிசகும். படிக்காதவர்கள் என்று நாம் எண்ணுகிற பெண்களின் கணிதம் அது. மருதமுனைத் தறிகளில் சாரனும் சேலையும் நெய்த கைகளின் கணிதமும் அதுவேதான்.

எங்களுடைய கலை பாவனைப் பொருளில் இருந்தது. அதில் படுத்தோம், தொழுதோம், சாப்பிட்டோம். அதனால்தான் அது கலையாகக் கண்ணில் படவில்லை.

கட்டிடமும் அப்படியே. களிமண் சுவர் வெயிலை மெதுவாகத்தான் உள்ளே விடும். உயர்ந்த கூரைக்குச் சூடு ஏறிவிடும். ஓட்டு இடுக்கால் வெளியேறும். விறாந்தை சுவரில் வெயில் படாமல் காக்கும். சிவப்புச் சீமெந்துத் தரையைப் பொலிஷ் பூசித் தேங்காய்ப் பொச்சால் தேய்த்தால் முகம் தெரியும், கால் குளிரும். மின்விசிறி இல்லாத காலத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கும் அந்த விறாந்தையில் கண்ணயர முடிந்தது. பாவா கொழும்பில் செய்தவற்றுக்குள் பெரும்பாலானவை இந்தச் சூத்திரங்கள்தான்.

எப்படிப் போயின?

ஒரே நாளில் போகவில்லை.

70 களின் கடைசியிலிருந்து மத்திய கிழக்குக்குப் போன பிள்ளைகளின் உழைப்பில் கல் வீடுகள் எழும்பின. அது நல்ல விடயம். ஓலைக் கூரையை வருடா வருடம் வேய்ந்த கஷ்டம் எங்களுக்குத் தெரியும். அதை அழகு என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் புது வீடு வந்தபோது பழைய சாமான் வறுமையின் அடையாளமாகிவிட்டது. பழைய பித்தளைக்குப் பிளாஸ்டிக் வாளியும் பேசினும் மாற்றுகிற வியாபாரிகள் தெருத் தெருவாக வந்தார்கள். வட்டாவும் கிண்டியும் நிறைக்குப் போயின. அதில் இருந்த வேலைப்பாட்டைத் தராசு நிறுக்கவில்லை.

பிறகு யுத்தம். 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்து எமது உறவுகளுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து எழுபத்தையாயிரம் பேரளவில் விரட்டப்பட்டார்கள். பெட்டகத்தை யார் தூக்குவது? எத்தனையோ பரம்பரையின் சாமான்கள் கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டன. அவர்களிடம் போய்ப் பழைய பொருள் பேணுதல் பற்றிப் பேசும்போது நாக்குக் கூசுகிறது.

பிறகு 2004 டிசம்பர் 26. நாட்டிலேயே அதிக உயிர்களைக் கடல் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் மனிதர்களைத் தேடிய அந்த நாட்களில் சாமானைத் தேட யாருக்கு மனம் வரும்? வீடுகள் திரும்ப எழும்பின, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பல இடங்களில் ஒரே அச்சில், சின்ன அறைகளாக, தாழ்ந்த கூரையோடு எழும்பின. பன் இழைக்கிறவ இருந்து இழைக்கிற அளவுக்கு ஒரு விறாந்தை அவற்றில் இல்லை.

இவ்வளவையும் தாண்டி மிஞ்சியவைதான் இப்போது லொறியில் போகின்றன. ஒரு பழைய கதவுக்குத் தருகிற காசு அந்த நேரத்துக்குப் பெரிதாகத்தான் தெரியும். கஷ்டத்தில் விற்கிறவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கஷ்டம் இல்லாமலே, இடத்தை அடைக்கிறது என்பதற்காகக் கொடுக்கிற வீடுகளைப் பற்றித்தான் எமது கவலை.

காலிக் கோட்டையைப் பாருங்கள். மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலைச் சுற்றி எமது மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்த தெருக்கள் அவை. 1988 இல் உலக மரபுரிமைத் தளமானது. அதன் பிறகு காணி விலை ஏற ஏற வீடுகள் கைமாறின. பல இன்று விடுதிகள். வாங்கியவர்கள் சுவரை இடிக்கவில்லை; திண்ணையையும் தூணையும் முற்றத்தையும் துலக்கி, அதே சாய்மனைக் கதிரையைப் போட்டு, ஓர் இரவுக்கு டொலரில் வாடகை வாங்குகிறார்கள். பொருள் பிழைத்தது, குடும்பம் வெளியேறிவிட்டது. நாளைக்கு எமது பிள்ளைகள் தங்கள் மூத்தம்மாவின் கதிரையில் இருக்க அனுமதிச்சீட்டு வாங்க வேண்டி வருமா?

வகுப்பில் கிடைத்த செல்வம்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், உங்கள் வீட்டில் உள்ள மிகப் பழைய பொருளைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வாருங்கள் என்று சொன்னோம். எங்கட வீட்டில ஒண்டும் இல்லையே சேர் என்று பாதிப் பேர் சொன்னார்கள். மூத்தம்மாவிடம் கேட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினோம்.

அடுத்த கிழமை வந்ததைப் பார்க்க வேண்டும்! கட்டிலுக்கு அடியில் இருந்த மரைக்கால். கோழிக்குத் தீன் வைக்கிற பித்தளைத் தட்டு. கழுவினால் அது வட்டா. மூன்று தலைமுறை ஓதிய ரெஹால். ஒரு மகள் கொண்டுவந்தது பாதி இழைத்த பாய். அவவுடைய மூத்தம்மா இழைத்துக்கொண்டிருந்தபோது கண் பார்வை மங்கிவிட்டதாம். அதைக் கரையில் சுருட்டி வைத்திருக்கிறார்கள். எங்கே நிறுத்தினா என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிகிறது. எப்படித் தொடர்வது என்று இப்போது மூத்தம்மா வாயால் சொல்ல, பிள்ளை விரலால் பழகுகிறா.

காத்தான்குடியில் பூர்வீக நூதனசாலை இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஆனால் எல்லாமே நூதனசாலைக்குப் போக வேண்டும் என்பதில்லை. வீட்டில் பாவனையில் இருப்பதுதான் அவற்றுக்கு மரியாதை.

என்ன செய்யலாம்?

புது வீடு கட்டுகிறவர்களுக்குச் சில யோசனைகள்.

பழைய வீட்டை உடைக்க முன் கதவையும் யன்னலையும் தூணையும் கழற்றி எடுங்கள். முதிரைக் கதவு இன்னும் இரண்டு தலைமுறைக்கு நிற்கும். அதன் அளவைக் கொண்டுபோய் மேசனிடம் கொடுத்தால் வாசலை அதற்கேற்ப விடுவார்.

பழைய ஓடுகளை விற்காதீர்கள். விறாந்தைக்கு மட்டுமாவது போடுங்கள். நல்ல நிலையில் உள்ள சிவப்புத் தரையைக் கொத்தி டைல்ஸ் பதிக்க முன் ஒருமுறை பொலிஷ் போட்டுப் பாருங்கள்.

பெட்டகத்துக்குப் பளபளப்பான வார்னிஷ் வேண்டாம். காய்ந்த துணியால் துடைத்து, காலுக்கடியில் கல் வைத்துக் கறையானிலிருந்து காப்பாற்றினால் போதும். பித்தளைக்குப் புளியும் சாம்பலும் இருக்கவே இருக்கின்றன. பாயை மடிக்காமல் சுருட்டி வையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே சோகேசில் அடுக்காதீர்கள். 11 ஆம் இலக்க வீடு சொல்கிற பாடம் இதுதான்: ஒரு நல்ல பொருள், அதைச் சுற்றி வெறும் சுவர், கொஞ்சம் வெளிச்சம். இதற்குக் காசு தேவையில்லை.

மகளின் வீட்டுக்கு வாங்குகிற சாமான் பட்டியலில் ஒரு பன்பாயையும் ஒரு மருதமுனைக் கைத்தறி விரிப்பையும் சேருங்கள். வாங்குகிறவர் இருந்தால்தான் இழைக்கிறவர் இருப்பார்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, கேளுங்கள். இது யாருடையது, யார் செய்தது, எந்தக் கல்யாணத்துக்கு வந்தது என்று மூத்தம்மாவிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதிப் பொருளின் அடியில் ஒட்டுங்கள். போனில் அவவுடைய குரலைப் பதியுங்கள். கதை தெரிந்த வட்டா குடும்பச் சொத்து. கதை போய்விட்டால் மிஞ்சுவது பித்தளை மட்டும்.

மாதம் ஒருமுறை பழைய சாமான் லொறி எமது தெருவுக்கு வருகிறது. அது அடுத்த முறை வர முன் இந்த ஒரு வேலையையாவது முடித்துவிடுங்கள். உங்கள் வீட்டில் உள்ள பழைய பொருளின் படத்தையும் அதன் கதையையும் கீழே போடுங்கள். எங்கள் மாணவர்கள் அவற்றைச் சேர்த்து எழுதக் காத்திருக்கிறார்கள்.